வேலைக்கு வந்த ஊரில் ஒரு பிடி சோறு

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயிலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் நகரத்தைத் தாண்டி வாலாஜாபாத் வழியாக ஒரகடம் நோக்கிப் போகும் சாலையில் தறிச் சத்தம் ஓய்ந்து, பெட்டகம் ஏற்றிய லாரிகளின் இரைச்சல் தொடங்கிவிடும். ராமாநுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் 1998-இல் கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. கொமாட்சு வந்தது. வல்லம் வடகாலில் 2015-இல் யமஹா வந்தது. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் ஜப்பானிய நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. 2025-இல் நிஸான் தன் 51 விழுக்காட்டுப் பங்கை ரெனோவுக்குக் கொடுத்துவிட ஒப்புக்கொண்டது. ஆனாலும் வேலை நிமித்தம் இந்தப் பக்கம் வந்து போகும் ஜப்பானியர்களின் வரத்து நின்றுவிடவில்லை.

அவர்களுக்காகவே இந்தச் சாலைகளில் ஜப்பானிய எழுத்தில் பலகை வைத்த தங்கும் விடுதிகளும் அவற்றுக்குள் சிறிய சாப்பாட்டுக் கடைகளும் முளைத்திருக்கின்றன. இரவு எட்டு மணிக்குப் பணிமனை உடையோடு ஒருவர் தனியாக வந்து உட்காருகிறார். சூடான தேநீர், மிஸோ சூப், சில துண்டு சுஷி. யாரோடும் பேச வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் எழுந்து அறைக்குப் போய்விடுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பணக்காரக் கம்பெனி தன் ஆட்களுக்குச் செய்துகொடுத்த சொகுசாகத் தோன்றும். ஆனால் சுஷியின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று உறுதிப்படுகிறது. இன்று நாம் அறிந்த சுஷி, வேலைக்காகக் குடும்பத்தை விட்டுத் தனியாக வந்து கிடந்தவர்களின் பசியால் உருவான உணவு. ஒரகடத்துக்கு அது வந்தது, தன் பழைய வாடிக்கையாளரைத் தேடி வந்ததுதான்.

அதைப் பார்க்க எடோ நகரத்துக்குப் போக வேண்டும். இன்றைய டோக்கியோவின் பழைய பெயர் அது. டொகுகாவா ஆட்சி 1635-இல் ஒரு சட்டத்தை நிலைநாட்டியது. நாட்டின் சிற்றரசர்கள் ஒவ்வொருவரும் ஓராண்டு தம் நாட்டிலும் ஓராண்டு எடோவிலும் மாறி மாறி இருக்க வேண்டும். மனைவி மக்கள் எடோவிலேயே பிணை போலத் தங்க வேண்டும். சிற்றரசர் வந்தால் கூடவே நூற்றுக்கணக்கில் அலுவலர்களும் வீரர்களும் வருவார்கள். அவர்களின் குடும்பங்களோ சொந்த ஊரில் இருக்கும். கட்டட வேலைக்கும் சுமை தூக்கவும் வந்த கூலிகள் வேறு. 1721-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எடோவின் சாதாரணக் குடிமக்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேரில் 3.2 லட்சம் பேர் ஆண்கள். சாமுராய்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. அவர்களையும் சேர்த்தால் நகரம் 10 லட்சத்தைத் தொட்டிருக்கும், ஆண்களின் பங்கு இன்னும் கூடியிருக்கும். சமைத்துப்போட ஆளில்லாத ஆண்கள் குவிந்த அந்த நகரத்தின் தெருவெங்கும் கையேந்தி நின்றபடி சாப்பிடும் கடைகள் பெருகின.

அதற்கு முன்பும் சுஷி இருந்தது, ஆனால் அது வேறு பண்டம். மீனை உப்பிட்டு, வெந்த சோற்றோடு தொட்டியில் அடுக்கி, மேலே கல்லை ஏற்றி மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். சோறு புளித்து மீனைக் கெடாமல் காக்கும். மேகாங் ஆற்றுப் படுகையின் நெல்வயல் மக்களிடம் தோன்றிய முறை இது என்பது நவோமிச்சி இஷிகே போன்ற உணவு ஆய்வாளர்களின் கருத்து. பீவா ஏரிக்கரையில் இன்றும் இப்படி ஃபுனாசுஷி போடுகிறார்கள். பதமாக ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். நம் இட்லி மாவு ஓரிரவில் புளிப்பதும் அந்தத் தொட்டிச் சோறு ஓராண்டு புளிப்பதும் லாக்டிக் அமில நுண்ணுயிர்களின் வேலைதான்.

வேலைக்குப் போகிறவனுக்கு ஓராண்டு காத்திருக்க நேரமில்லை. புளிப்பை நுண்ணுயிர் தரும்வரை பொறுக்காமல், வெந்த சோற்றில் வினிகரை நேரடியாகக் கலந்துவிடுவது என்ற குறுக்குவழி எடோவில் பரவியது. ஹாண்டா என்ற ஊரில் 1804-இல் சாக்கே மது வடித்த மண்டியிலிருந்து மலிவான சிவப்பு வினிகர் காய்ச்சத் தொடங்கினார் நகானோ மதாஸாயெமோன். இன்றைய மிட்ஸ்கான் நிறுவனத்தின் தொடக்கம் அது. அந்த வினிகர் கப்பலில் எடோ வந்தது. 1820-களில் ஹனாயா யோஹெய் என்பவர் வினிகர்ச் சோற்றைக் கையில் பிடித்து, மேலே மீன் துண்டை வைத்து உடனே நீட்டினார். அவருக்கு முன்பே சிலர் செய்தார்கள் என்ற வாதமும் உண்டு, ஆனால் பெயர் அவருக்கு நிலைத்தது. கிதகாவா மொரிசதா என்ற எழுத்தாளர் 1837-இல் தொடங்கி எழுதிய நகர வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு துண்டு சுஷி 8 மோன் (அன்றைய காசு), முட்டை வைத்துச் சுருட்டியது 16 மோன் என்று விலையும் பதிந்திருக்கிறார். அன்றைய துண்டு இன்றையதைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரியது. இரண்டைத் தின்றால் வயிறு நிறைந்துவிடும்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் சமையல்காரர் அல்லர், சாப்பிட்டவர். சக்காய் பான்ஷிரோ என்ற கீழ்நிலைச் சாமுராய் 1860-இல் கிஷூ நாட்டின் வக்கயாமாவிலிருந்து எடோவுக்கு வேலையாக அனுப்பப்பட்டார். வயது 28. மனைவியும் சிறு மகளும் ஊரில். அவருடைய வேலை வாளேந்துவது அல்ல. அரசவைச் சடங்குகளுக்கு எந்த உடையை எப்படி உடுத்த வேண்டும் என்று அறிந்து உடுத்திவிடுவது. மடிப்பும் கொசுவமும் அறிந்த மனிதர். காஞ்சிபுரத்தில் அவர் பிறந்திருந்தால் அவர் பேச்சுக்கு நல்ல மதிப்பு இருந்திருக்கும். பான்ஷிரோ அன்றாடம் என்ன தின்றார், எவ்வளவு கொடுத்தார் என்று நாட்குறிப்பு எழுதினார். சம்பளம் குறைவு என்பதால் விடுதி அறையில் தானே சோறு வடித்துக் காய்கறி வேகவைத்தார். கூடத் தங்கியிருந்த மாமா அதில் பாதியைத் தின்றுவிடுவதைப் பற்றி எரிச்சலோடு எழுதினார். சளி பிடித்தால் மருந்து என்று சொல்லிப் பன்றிக்கறி சாப்பிட்டார். ஊர் சுற்றும் நாளில் நூடுல்ஸும் சுஷியும் தின்றார். அரண்மனைச் சமையல் குறிப்புகள் எல்லா நாட்டிலும் கிடைக்கின்றன. வேலைக்காக வந்து தனியாக உட்கார்ந்து தின்றவனின் கணக்குப் புத்தகம் கிடைப்பது அரிது. அதனால்தான் நவோமி அஓகி என்ற ஆய்வாளர் அந்தக் குறிப்புகளை வைத்தே ஒரு நூல் எழுத முடிந்தது.

தனி ஆளின் பசி ஒரு சமையலுக்கு வடிவம் தரும் என்பது நமக்கும் புதிதல்ல. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கி வேலை தேடியவர்களும் வேலை பார்த்தவர்களும் இல்லையென்றால் அங்கே மெஸ்கள் இல்லை. டோக்கன் வாங்கி, இடத்துக்காகக் காத்திருந்து, யாரென்று தெரியாதவரின் பக்கத்தில் அமர்ந்து, பேசாமல் தின்று எழும் ஒழுங்கு அங்கே உண்டு. சுஷி கடையின் நீண்ட மேசையும் அதே ஒழுங்குதான். நான்கு பேர் உட்காரும் மேசையில் ஒருவர் மட்டும் இருந்தால் தனிமை உறைக்கும். சமைப்பவரை நேருக்கு நேர் பார்த்தபடி வரிசையில் ஒருவராக அமர்ந்திருந்தால் உறைக்காது. ஒவ்வொரு துண்டாகக் கைக்கு வருவதால், உண்பவரின் வேகத்தைச் சமைப்பவர் கவனித்துக்கொண்டே இருப்பார். தனியாகச் சாப்பிடுபவரையும் ஒருவர் கவனிக்கிறார் என்பதே இந்தக் கடையின் மிகப் பெரிய உபசாரம் என்று நினைக்கிறேன்.

இனி அரிசிக்கு வருவோம். சுஷியில் மீனைவிடச் சோறே முக்கியம் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சோறு கையில் பிடித்தால் சேர வேண்டும், வாயில் போட்டால் உதிர வேண்டும். அரிசியில் உள்ள அமைலோஸ் என்ற மாவுச்சத்து அதைத் தீர்மானிக்கிறது. ஜப்பானிய ரகங்களில் அது 20 விழுக்காட்டுக்குக் கீழே. 1956-இல் வெளிவந்து இன்றும் கொடிகட்டிப் பறக்கும் கோஷிஹிக்காரி அப்படிப்பட்டது. நம் ரகங்களில் பெரும்பாலானவற்றில் 20-க்கு மேல். அதனால் குழம்பு ஊற்றிப் பிசைய வாகாக, பருக்கை பருக்கையாக நிற்கிறது. காஞ்சிபுரத்து அரிசியைக் கொண்டு சுஷி பிடிக்க முயன்றால் கையிலேயே உதிர்ந்துவிடும். அதனால் இது நமக்கு முற்றிலும் அந்நியமான அரிசி என்று தோன்றும்.

ஆனால் நம் வீட்டுப் பானையில் வேகும் பொன்னியின் வம்சம் என்ன? ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைவானில் 1920-களில் கமேஜி, ஷின்ரிக்கி என்ற இரண்டு ஜப்பானிய நெல்களைக் கலந்து தைச்சுங் 65 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆசியா முழுக்க அரிசிப் பஞ்சம் நிலவியபோது, ஜப்பானிய வகை நெல்லையும் இந்திய வகை நெல்லையும் கலந்து பார்க்கும் பெரிய திட்டத்தை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1950-களில் நடத்தியது. தைச்சுங் 65-ஐ மலேயாவின் மயாங் எபோஸ் 80 என்ற நெல்லோடு சேர்த்த வழியில் வந்ததே மசூரி. மலேசியாவில் 1965-இல் வெளியான அந்த ரகம் இந்தியாவுக்கும் வந்தது. அதன் வழித்தேர்வை 1986-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெள்ளைப் பொன்னி என்று வெளியிட்டது. அதே திட்டத்தின் இன்னொரு பிள்ளை, 1960-களின் நடுவில் தஞ்சைக் குறுவையில் பேர் வாங்கிய ஆடுதுறை 27. அதன் பெற்றோரில் ஒன்று ஜப்பானின் நோரின் 10. மற்றொன்று நம் ஜி.இ.பி. 24, அதாவது கிச்சிலிச் சம்பா.

காஞ்சிக்கும் ஜப்பானுக்கும் உறவு என்று பேச்சு வந்தால் உடனே எல்லோரும் ஜென் மரபின் போதிதர்மரைக் கூப்பிடுகிறார்கள். *ஏழாம் அறிவு* படம் வந்த 2011-க்குப் பிறகு அது இன்னும் கூடிவிட்டது. அவர் தென்னிந்தியர் என்று சீன மரபு சொல்கிறது; காஞ்சிக்காரர் என்பது நம் நம்பிக்கை. அந்தக் கதையை நான் மறுக்க வரவில்லை. ஆனால் பெயர் வெளியே தெரியாத பயிர் விஞ்ஞானிகள் மகரந்தத்தைத் தொட்டுத் தொட்டு உருவாக்கிய உறவு அதைவிட உறுதியானது; காஞ்சிபுரத்து ஏரிப் பாசன வயல்களில் விளைந்து மதியச் சோறாக இலையில் விழுகிறது. ஒரகடத்து ஜப்பானியர் உண்ணும் அரிசியும் அவருடைய ஆலை உணவகத்தில் தமிழ்த் தொழிலாளி உண்ணும் அரிசியும் தூரத்துச் சொந்தம்.

மீனின் கதை இவ்வளவு மகிழ்ச்சியானதல்ல. ஒரகடத்திலிருந்து வங்கக் கடல் ஒரு மணி நேரப் பயணம். காசிமேட்டில் சூரை மீன் இறங்குகிறது. மஞ்சள் துடுப்புச் சூரை சுஷிக்கு உகந்த உயர்ந்த மீன்களில் ஒன்று. அப்படியிருந்தும் நம் ஊர் சுஷி கடைகளில் முதலில் கண்ணில் படுவது நார்வேயின் பண்ணைச் சால்மன். ஜப்பானியர்களே 1980-கள் வரை சால்மனைப் பச்சையாகப் பெரும்பாலும் தின்றதில்லை. பசிபிக் சால்மனில் அனிசாகிஸ் என்ற புழு உண்டு. தீவனம் போட்டு வளர்க்கும் தம் மீனில் அந்தப் பயமில்லை என்று நார்வே அரசு 1980-களின் நடுவில் தொடங்கி ஜப்பானில் ஆண்டுக்கணக்காக எடுத்துச்சொல்லி அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது. சந்தை உருவாக்குவது எப்படி என்பதற்கு அது நல்ல பாடம்.

நம் சூரை ஏன் சுஷி மேசைக்கு ஏறுவதில்லை? கடலில் குறை ஒன்றுமில்லை. படகில் முதல் பத்து நிமிடத்தில் நடப்பதுதான் காரணம். சூரை மற்ற மீன்களைப் போல் குளிர்ந்த உடல் கொண்டதல்ல. தசையில் சூட்டைத் தேக்கி வைத்துக்கொள்ளும். தூண்டிலில் மாட்டி நெடுநேரம் போராடினால் உடல் சூடு ஏறி, அமிலம் கூடி, சதை வெந்தது போல வெளிறிவிடும். ஆகவே மீன் படகேறிய உடனே மூளையில் குத்தி அடக்கி, இரத்தம் வடித்து, செவுளையும் குடலையும் எடுத்து, பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த குழம்பில் அமிழ்த்த வேண்டும். தவறினால் ஹிஸ்டமின் சேர்ந்து ஒவ்வாமை போன்ற நோய் தரும். பச்சையாகப் பரிமாறும் மீனில் ஒட்டுண்ணி இருக்கக்கூடாது என்பதற்காக -20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறையவைக்கச் சொல்கிறது அமெரிக்க விதி; சூரைக்கு அதில் விலக்கு உண்டு. சூரையின் சிவப்பு மங்காமலிருக்க ஜப்பானியர் -60 டிகிரிவரை போகிறார்கள். இவ்வளவும் செய்தால் கிடைக்கும் விலை படகுக்காரருக்கு முன்கூட்டியே தெரிந்தால் செய்வார். தெரியாத நிலையில் அவர் நிறைய மீனைக் கொண்டுவந்து ஏலத்தில் போடுவதுதான் அறிவுள்ள செயல்.

பாக் நீரிணையில் இழுவைமடிப் படகுகளைக் குறைத்து, ஆழ்கடல் சூரைப் படகு வாங்க உதவும் திட்டம் 2017-இல் தொடங்கியது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் பாதியை மத்திய அரசும் ஐந்தில் ஒரு பங்கை மாநில அரசும் ஏற்கும் என்று சொன்னார்கள். 2,000 படகு என்ற இலக்குக்கு வெகு தூரத்திலேயே அது நின்றது. படகை மட்டும் கொடுத்தால் போதாது. பனிக்கட்டி, குளிர்கிடங்கு, தரம் பார்த்து விலை சொல்லும் ஏலக்காரர், வாங்கத் தயாரான சமையலறை, இவை ஒரே நேரத்தில் அமைய வேண்டும். எடோவின் சுஷி அதன் துறைமுகத்து மீனையே நம்பி எழுந்தது. நம் கரையில் சுஷி வந்துவிட்டது, கரை அதற்குள் வரவில்லை. இது சரியாக வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

எதிர்த்திசையில் போகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ்ப் பொறியாளர்கள் பயிற்சிக்காக ஜப்பான் போவது பல பத்தாண்டு வழக்கம். அப்படிப் போய்வந்தவர்களின் அமைப்பான ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் சென்னையில் ஜப்பானிய மொழியும் தொழில் நிர்வாகமும் கற்பிக்கிறது. சைவ உணவுக்காரர் ஒருவர் நகோயாவில் சிறு சுஷி கடைக்குள் நுழைந்தால் என்ன கிடைக்கும்? வெள்ளரிச் சுருள் உண்டு. ஊறவைத்த சுரைக்காய்ப் பட்டைச் சுருள் உண்டு. பொரித்த டோஃபு பைக்குள் சோறடைத்த இனாரி உண்டு. ஆனால் அந்தச் சுரைக்காயையும் டோஃபுவையும் வேகவைத்த சாற்றில் உலர்ந்த சூரைத் துருவல் பெரும்பாலும் இருக்கும். மீனைக் கட்டாயம் தவிர்க்க வேண்டியவர்கள் கடைக்காரரிடம் சாறு எதில் இறக்கியது என்று கேட்டுவிட வேண்டும். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

வழிப்போக்கருக்குச் சோறிடுவதில் காஞ்சிக்கு நீண்ட பெருமை உண்டு. வறட்சியில் வாடிய இந்த நகருக்கு மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பசித்தவர்க்கெல்லாம் உணவிட்டாள் என்பது காப்பியம். சத்திரங்கள் இருந்த ஊர். வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியும் இந்த வரிசையில் வைக்கத் தக்கது. மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்த மாவை மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி அவிப்பார்கள். சட்னி இல்லாமலே தின்னலாம், கட்டிக்கொண்டு பயணமும் போகலாம்.

அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு பார்க்கும்போதுதான் இதே மாவட்டத்தின் இன்னொரு சாப்பாட்டுச் செய்தி தாங்க முடியாததாகிறது. சுங்குவார்சத்திரம் அருகே ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த இளம்பெண்கள் பல மாவட்டங்களிலிருந்து வந்து ஒப்பந்த விடுதிகளில் தங்கியிருந்தார்கள். 2021 டிசம்பரில் ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 250-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவி, பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை. ஆனால் தங்கும் இடமும் சமையலறையும் தரக்குறைவாக இருந்ததை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது.

ஒரகடத்து ஜப்பானியப் பொறியாளரும் இந்தப் பெண்களில் ஒருவரும் செய்வது ஒன்றுதான்: குடும்பத்தை ஊரில் விட்டு, பிழைப்புக்காக இந்த மாவட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு அவர் ஊர் அரிசி, அவர் ஊர்ச் சாறு, முகம் பார்த்துப் பரிமாறும் கை. இன்னொருவருக்கு யார் சமைத்தது என்றே தெரியாத அண்டாச் சோறு. பொறியாளருக்குக் கிடைப்பதை நான் குறை சொல்லவில்லை, அவருக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். விருந்தோம்பல் சம்பளப் பட்டியலைப் பார்த்து இறங்கிவிடுவதுதான் என் வருத்தம்.

அந்த நிகழ்வுக்குப் பிறகு அரசு வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. கட்டடம் வந்துவிட்டது. இனி அங்கே தங்கும் பெண்கள் தாமே சேர்ந்து வாரப் பட்டியலை முடிவு செய்யும் குழு வேண்டும். தண்ணீர், சமையலறைச் சோதனை முடிவுகள் மாதந்தோறும் தமிழில் சுவரில் ஒட்டப்பட வேண்டும். இரவுப் பணி முடித்து வருபவருக்குச் சூடாக ஒரு வேளை உணவு கிடைக்க, குடியிருப்பை ஒட்டியே சிறு மெஸ்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். அவற்றை நடத்தும் உரிமையில் காஞ்சிபுரம் மாவட்ட மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு முதல் பங்கு தரலாம். இவை எவையும் -60 டிகிரிக் குளிர்கிடங்கு கேட்கும் காரியங்கள் அல்ல. மாவட்ட நிர்வாகமும் சிப்காட்டும் ஆலைகளும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் இந்த ஆண்டே செய்யக்கூடியவை.